கத்திரி வெயிலில் மாடித்தோட்டம்: காலை வேலை, மாலை வேலை, காய் பறிப்பு

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னைப் புறநகரில் ஒரு மொட்டைமாடி, 40 பைகள். வெண்டை, கத்தரி, தக்காளி, மிளகாய், கொத்தவரை, பீர்க்கை, பாகல், கொஞ்சம் கீரை. சித்திரை பிறந்ததிலிருந்து மதியமானால் எல்லாச் செடியும் தொங்கிப்போகிறது. இரண்டு வேளை தண்ணீர் விட்டும் தக்காளிப் பூ கொட்டுகிறது, பீர்க்கம்பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறது, வெண்டை கண்ணுக்குத் தெரியாமல் முற்றிவிடுகிறது. காலையில் முக்கால் மணி நேரமும் மாலையில் அரை மணி நேரமும்தான் ஒதுக்க முடியும். எதை, எந்த வரிசையில் செய்வது?

வரிசை இதுதான்: முதலில் பார்க்க வேண்டும், பிறகு பறிக்க வேண்டும், கடைசியில்தான் தண்ணீர். பெரும்பாலானவர்கள் மாடிக்கு ஏறியதும் குழாயைக் கையில் எடுக்கிறார்கள். தண்ணீர் விட்ட பிறகு எந்தப் பை காய்ந்திருந்தது, எது ஏற்கெனவே ஈரமாக இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இலையெல்லாம் நனைந்து கிடந்தால் அடியில் இருக்கும் பூச்சியும் கண்ணில் படாது. பறிப்பதற்குக் காய்க்கும் சரி, செடிக்கும் சரி, அதிகாலைதான் நல்ல நேரம். இரவு முழுக்க நீர் ஏறி, காய் விறைப்பாக இருக்கும். அப்போது பறித்தால் இரண்டு நாள் வாடாது. ஒன்பது மணிக்கு மேல் பறித்த வெண்டை சாயங்காலமே துவண்டுவிடும்.

ஆறு மணிக்கு ஏறினால் முதல் ஐந்து நிமிடம் சும்மா ஒரு சுற்று. செடி நிஜமாகத் தண்ணீர் கேட்கிறதா என்பது மதியம் தெரியாது, காலை ஆறு மணிக்குத்தான் தெரியும். பீர்க்கை, பூசணி, வெள்ளரி போன்ற அகல இலைக் கொடிகள் மதியம் வாடுவது இயல்பு. வேர் உறிஞ்சுவதைவிட இலை வழியாக வெளியேறும் நீர் அதிகமாகிவிடுவதால் இலை தொங்குகிறது. வெயில் சாய்ந்ததும் தானாக நிமிர்ந்துவிட்டால் அதற்குத் தண்ணீர்ப் பஞ்சம் இல்லை. காலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால் இரண்டு வாய்ப்புகள். மண் காய்ந்திருந்தால் தாகம். மண் ஈரமாக இருந்தும் வாடியிருந்தால் வேரில் கோளாறு, அங்கே மேலும் தண்ணீர் ஊற்றுவது செடியைக் கொல்லும். கத்தரி, தக்காளியில் இப்படி வந்தால் தண்டை அடியில் வெட்டி, வெட்டுமுகம் மூழ்கும்படி ஒரு கண்ணாடி டம்ளர் தெளிந்த தண்ணீரில் பிடித்துப் பாருங்கள். சில நிமிடங்களில் வெட்டிலிருந்து பால்போல வெண்ணிழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அந்தச் செடியை வேரோடு அப்புறப்படுத்துங்கள். அந்தப் பை மண்ணில் கத்தரி, தக்காளி, மிளகாய் மறுபடி வைக்க வேண்டாம்.

ஈரம் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விடுங்கள். விரலில் மண் ஒட்டிக்கொண்டு குளுமையாக இருந்தால் அந்தப் பையைத் தாண்டிப் போகலாம். பொடியாக உதிர்ந்தால் தண்ணீர். தென்னைநார்க் கழிவு அதிகம் கலந்த பைகளில் ஒரு சிக்கல் உண்டு. அது ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது. பையின் ஓரமெல்லாம் சுருங்கி இடைவெளி விட்டு, ஊற்றிய தண்ணீர் அந்த வழியாக நேராகக் கீழே ஓடிவிடும். அடியில் தண்ணீர் வந்துவிட்டதே என்று நினைப்போம், நடுவில் வேர்ப்பந்து வறண்டே இருக்கும். இரண்டு வேளை விட்டும் வாடுகிறது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒரு குச்சியால் நாலைந்து இடத்தில் குத்தி, ஓர இடைவெளியை மண்ணால் அழுத்தி மூடி, முதலில் அரை லிட்டர் மட்டும் மெதுவாக ஊற்றுங்கள். பத்து நிமிடம் கழித்து மீதியை ஊற்றுங்கள். முதல் ஊற்றில் நார் இளகும், இரண்டாவது ஊற்றுதான் உள்ளே நிற்கும்.

அளவு என்று கேட்டால், 15 அங்குல அகலமும் உயரமும் உள்ள பையில் முழு வளர்ச்சியடைந்த கத்தரி அல்லது வெண்டைக்குக் கத்திரி வெயிலில் காலையில் சுமார் இரண்டு லிட்டர். கொடிகளுக்கு மாலையில் இன்னொரு லிட்டர். 40 பைகளுக்கு நாளொன்றுக்கு 80 முதல் 120 லிட்டர் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடித்துளையில் லேசாகக் கசிய ஆரம்பித்ததும் நிறுத்திவிட வேண்டும். ஓடவிட்டால் போட்ட உரமெல்லாம் மாடித் தளத்துக்குத்தான் போகும். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் மட்டும் மாதம் ஒருமுறை, கிடைக்கும் நல்ல தண்ணீரில் வழக்கத்தைவிட மூன்று மடங்கு ஊற்றி அலசிவிடுங்கள். மண் மேல் வெள்ளையாகப் பூத்திருப்பதும் இலை ஓரம் கருகுவதும் உப்பு சேர்ந்ததன் அடையாளம். அரிசி களைந்த நீர், காய் கழுவிய நீர், ஏசி தண்ணீர் எல்லாம் செடிக்கு ஆகும். வீட்டுக் குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி வெளியே தள்ளும் தண்ணீர் ஆகாது, அதில் உப்பு செறிந்திருக்கும்.

காலையிலேயே ஊற்றச் சொல்வதற்கு இன்னொரு காரணம் மேல்நிலைத் தொட்டி. மதியத்துக்கு மேல் அந்தத் தண்ணீரில் கை வைக்க முடியாது. மாலை ஐந்தரைக்கு ஊற்றும்போதுகூட வெயிலில் கிடந்த ரப்பர் குழாயில் நிற்கும் தண்ணீர் வெந்நீராக இருக்கும். அதை முதலில் ஒரு வாளியில் பிடித்து ஒதுக்கிவிட்டு, குளிர்ந்த தண்ணீர் வந்த பிறகு செடிக்குத் திருப்புங்கள். மதிய வெயிலில் தண்ணீர் விடவே கூடாது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். பை முழுக்கக் காய்ந்து செடி சாகப்போகிற நிலையில் இருந்தால் மணி இரண்டானாலும் விடத்தான் வேண்டும். வாளியில் நிழலில் வைத்திருந்த தண்ணீரை இலையில் படாமல் மண்ணில் ஊற்றி, ஒரு பழைய வேட்டியை மேலே நிழலுக்குக் கட்டுங்கள்.

இந்தத் தண்ணீர்ச் செலவை வெகுவாகக் குறைப்பது மூடாக்கு. மண் மேல் இரண்டு அங்குலக் கனத்துக்குக் காய்ந்த இலை, வைக்கோல், கரும்புச் சோகை, எது கிடைத்தாலும் போடுங்கள். தண்டைச் சுற்றி ஓர் அங்குலம் மட்டும் வெறுமையாக விட வேண்டும், இல்லையென்றால் தண்டு அழுகும். பைகளை நேரடியாகத் தளத்தில் வைக்காதீர்கள். காங்கிரீட் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவிலும் விட்டுக்கொண்டே இருக்கும். செங்கல்லோ, தேங்காய் மட்டையோ, இரும்புத் தாங்கியோ அடியில் இருந்தால் காற்றோடும், நீரும் வடியும். மேற்குப் பக்க வெயில்தான் கொடியது. மேற்கு ஓரப் பைகளின் வெளிப்புறத்தை ஈரச் சாக்கால் சுற்றிவிட்டாலே வேர் வேகாமல் தப்பும். நிழல்வலை கீரைக்கும் நாற்றுக்கும் 50 விழுக்காடு. காய்க்கும் செடிகளுக்கு அவ்வளவு நிழல் ஆகாது, 35 விழுக்காடு போதும், அல்லது மேற்கில் மட்டும் திரைபோலத் தொங்கவிடலாம். வெண்டையும் கொத்தவரையும் காராமணியும் வலையே கேட்காது.

இனி பறிப்பு. இதைப் பலன் என்று மட்டும் நினைக்காமல், வேலை என்று நினையுங்கள். காய் முற்றி விதை பிடித்துவிட்டால் செடி தன் சத்தையெல்லாம் அதற்கே அனுப்பும், புதுப்பூ குறையும். ஒரு வெண்டைக்காயை மறந்துவிட்டால் அந்தச் செடி அடுத்த காயைத் தள்ளிப்போடுகிறது என்று அர்த்தம்.

வெண்டை விதைத்த 40 முதல் 45 நாளில் பறிப்புக்கு வரும். பூ விரிந்த நாளிலிருந்து கோடையில் நாலைந்து நாளில் காய் பதம். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்கு என்று சேர்த்து வைக்க முடியாது. செடியில் இருக்கும்போதே நுனியை விரலால் மடக்கிப் பாருங்கள். 'டக்'கென்று ஒடிந்தால் பிஞ்சு. வளைந்து நின்றால் முற்றல். அந்த முற்றலையும் வெட்டி எறிந்துவிட வேண்டும், செடியில் விடக்கூடாது. கையால் பிய்த்தால் தண்டுப் பட்டை உரியும், கத்தரிக்கோல் நல்லது. வெண்டையின் சுணை கையில் அரிக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். 12 செடி இருந்தால் ஒரு பறிப்புக்குச் சுமார் கால் கிலோ வரும், நாலு பேர் வீட்டுக்கு ஒரு பொரியல்.

கத்தரியில் அளவைப் பார்க்காதீர்கள், மினுமினுப்பைப் பாருங்கள். தோல் பளபளப்பாக இருந்து, கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் உடனே நிமிர வேண்டும். மங்கிப்போனால் உள்ளே விதை முற்றிவிட்டது, கசக்கும். காம்போடு வெட்டுங்கள். கொத்தவரையை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பறிக்க வேண்டும். விதை மேடு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தால் நார் வந்துவிட்டது. பீர்க்கையிலும் சுரையிலும் நகம் சுலபமாக இறங்க வேண்டும். சுரையின் மேல் பூனைமுடி இருக்கும்வரை அது இளசு. பாகலுக்கு முள் விரிந்து, நிறம் இன்னும் அடர்பச்சையாக இருக்கும்போது. வெளிறினால் மறுநாளே பழுத்து வெடிக்கும். புடலைக்கு இடமில்லை என்பவர்கள் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 2 ரகத்தைப் பாருங்கள், காய் ஓரடி அளவில் குட்டையாக இருக்கும். நீளப் புடலைதான் வேண்டுமென்றால் வளையாமல் இருக்க நுனியில் சிறு கல் கட்டித் தொங்கவிடும் பழைய வழக்கம் இன்றும் சரிதான், ஆனால் பிஞ்சு ஒரு சாண் ஆன பிறகு கட்டுங்கள்.

தக்காளியைக் கோடையில் செடியிலேயே பழுக்கவிட வேண்டாம். 32 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமி சரியாக உருவாகாது, பழம் மஞ்சளாகவே நிற்கும், வெயில் பட்ட பக்கம் வெள்ளைத் தோலாக வெந்துவிடும். நிறம் லேசாகத் திரும்பியதும் பறித்து, வீட்டுக்குள் நிழலில் காற்றோட்டமாகப் பரப்பிவையுங்கள். நாலைந்து நாளில் நன்றாகச் சிவக்கும்.

தக்காளிப் பூ கொட்டுவதற்கு எந்த டானிக்கும் மருந்து இல்லை. பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் செயலிழந்துபோகிறது, பூ காய் பிடிக்காமல் உதிர்கிறது. சென்னையில் மே மாதம் முழுக்க இதே நிலைதான். மேற்குத் திரை கட்டி, ஈரம் குறையாமல் பார்த்து, செடியை உயிரோடு வைத்திருப்பதே இப்போது தக்காளிக்குச் செய்யக்கூடிய உதவி. பிடித்த காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகினால், மண்ணில் சுண்ணாம்புச் சத்து இல்லை என்று முட்டை ஓட்டைக் கொட்டாதீர்கள். ஒருநாள் காய்ந்து ஒருநாள் வழிந்து என்று தண்ணீர் ஏறியிறங்குவதால் அந்தச் சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். வெள்ளரி கசப்பதற்கும் தண்ணீர்த் தட்டுப்பாட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பீர்க்கம்பிஞ்சு உதிர்வது வேறு கதை. அது மகரந்தம் சேராத பிஞ்சு. வெயிலும் நீண்ட பகலும் கொடிகளில் ஆண்பூவைக் கூட்டும், பெண்பூவைக் குறைக்கும். கிடைக்கும் சில பெண்பூவுக்கும் மாடியில் வண்டு வராது. கையால் சேர்த்துவிட வேண்டியதுதான். இதற்கு நேரம் தெரிந்திருக்க வேண்டும். பூசணி, வெள்ளரி, பாகல் பூக்கள் விடியலில் விரியும், காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். பீர்க்கையும் சுரையும் சாயங்காலம் விரிகிற பூக்கள். காலையில் போய்ப் பீர்க்கம்பூவில் மகரந்தம் தேடுவதால்தான் பலருக்குப் பலிப்பதில்லை. மாலை ஆறு மணி வாக்கில், அன்று விரிந்த ஆண்பூ ஒன்றைப் பறித்து, இதழைப் பின்னுக்கு மடக்கி, பெண்பூவின் நடுக்குமிழில் மெதுவாகத் தடவுங்கள். பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருந்தால் அது பெண்பூ. ஓர் ஆண்பூ இரண்டு பெண்பூவுக்குப் போதும். பிடித்த பிஞ்சு இரண்டாம் நாளே காம்பு தடித்துக் கீழ்நோக்கிச் சாயும், பிடிக்காதது நுனியிலிருந்து மஞ்சளாகும்.

பிடித்த பிஞ்சும் நடுவில் ஓட்டை விழுந்து, பிசின் கசிந்து, கோணலானால் அது பழ ஈ. அந்தக் காயைப் பறித்து ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு நாள் வெயிலில் போட்டுவிடுங்கள். உரக்குழியில் போட்டால் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, ஈயாகத் திரும்பி வரும். கையால் மகரந்தம் சேர்த்த மூன்றாம் நாளே பிஞ்சுக்குப் பழைய செய்தித்தாளிலோ மெல்லிய துணியிலோ உறை போட்டுவிட்டால் மருந்து தேவையில்லை. கொடிக் காய்க்கான இனக்கவர்ச்சிப் பொறி (ஆண் ஈயை மணத்தால் இழுத்துப் பிடிப்பது) ஒன்று மாடிக்குப் போதும்.

கோடையின் உண்மையான எதிரி செஞ்சிலந்தி. வறட்சியும் சூடும் சேர்ந்தால் ஒரு வாரத்தில் பெருகிவிடும். கத்தரி, வெண்டை இலையின் மேல்புறம் பொடிப்பொடியாக வெளிறிய புள்ளி தெரிந்தால் ஒரு வெள்ளைத் தாளை இலைக்கடியில் பிடித்து, இலையை இரண்டு தட்டுத் தட்டுங்கள். தாளில் விழுந்த தூசி நகர ஆரம்பித்தால் அது தூசி இல்லை. விரலால் தேய்த்தால் சிவப்பாக இழுபடும். மூன்று நாள் தொடர்ந்து, காலையில், இலையின் அடிப்புறத்தில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். மிச்சத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 3 முதல் 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரைய ஒரு மில்லி காதி சோப்புக் கரைசல், நன்றாகக் குலுக்கி மாலை ஐந்தரைக்கு மேல் இலையின் அடிப்புறம் நனைய அடியுங்கள். எண்ணெய் படிந்த இலையில் வெயில் பட்டால் கருகிவிடும், காலையில் அடிக்கவே கூடாது. ஏழு நாள் கழித்து இன்னொரு முறை. முட்டையிலிருந்து வந்தவை அதில்தான் சாகும்.

மற்றவை சீக்கிரம் முடியும். கத்தரியின் கொழுந்து மட்டும் தலை சாய்ந்திருந்தால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது, சாய்ந்த இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே கிள்ளி நசுக்கிவிடுங்கள், இது தினமும் பார்க்க வேண்டிய ஒன்று. மாவுப்பூச்சியையும் அசுவினியையும் எறும்புதான் சுமந்து பரப்புகிறது, எறும்பு வரிசை போகும் வழியைத் தொடர்ந்து போனால் இருப்பிடம் தெரியும். வெள்ளை ஈக்கு பசை தடவிய மஞ்சள் அட்டை இரண்டு மூன்று, செடி உச்சிக்குச் சற்று மேலே. வெண்டையில் இலை நரம்பு மஞ்சளாக வலைபோலத் தெரிந்தால் அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள், அதற்கு வைத்தியம் கிடையாது. அடுத்த முறை அர்கா அனாமிகா போன்ற தாங்கும் ரகத்தை விதையுங்கள்.

உரத்தில் கோடையில் கைகட்டிக்கொள்வது நல்லது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், மூடாக்கை விலக்கி, போட்டு, மூடிவிடுங்கள். கடலைப் புண்ணாக்கு 100 கிராமை ஒரு லிட்டரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து, ஈரமான மண்ணில் மட்டும் ஊற்றலாம். பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மில்லி, மாலையில் தெளிப்பு. பச்சைச் சாணமும் மக்காத சமையலறைக் கழிவும் பைக்குள் நேராகப் போட்டால் மக்கும்போது வரும் சூட்டில் வேர் வெந்துபோகும்.

கீரைக்கு மட்டும் வாரம் ஒரு விதைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டடி அகலப் பை நான்கு இருந்தால் வாரத்துக்கு ஒன்றில் சிறுகீரையோ தண்டுக்கீரையோ. விதையை நாலு பங்கு மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிய மண் தூவி, முளைக்கும்வரை ஈரச் சாக்கால் மூடுங்கள். 25ஆம் நாள் வேரோடு பிடுங்கலாம், அந்தப் பை மறுநாளே அடுத்த விதைப்புக்குத் தயார். அரைக்கீரையைப் பிடுங்காமல் இரண்டு அங்குலம் விட்டு அறுத்தால் திரும்பத் திரும்பத் துளிர்க்கும். பறித்ததை ஈரத் துணியில் சுற்றிவையுங்கள்.

திடீரென்று ஒரு மாலை இடியோடு கோடை மழை அடிக்கும். மழைக்கு முன் வரும் காற்றுதான் பந்தலைச் சாய்ப்பது, கட்டுக் கயிறுகளை வாரம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். மழைக்கு மறுநாள் காலை தண்ணீர் வேண்டாம். அடித்துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று மட்டும் குச்சி விட்டுப் பாருங்கள்.

மே மாதத்தில் கொத்தவரையும் மிளகாயும் சமையலுக்கு மிஞ்சும். இந்த வெயிலை வீணாக்கக் கூடாது. கொத்தவரையை உப்புப் போட்டு அரைவேக்காடு வேகவைத்து, நீரை வடித்து, மூன்று நாலு நாள் வெயிலில் காயவைத்தால் வற்றல். மிளகாயைக் கீறி, உப்புச் சேர்த்த கெட்டி மோரில் ஊறவிட்டு, பகலில் வெயில், இரவில் திரும்ப அதே மோர், மோர் தீரும்வரை இப்படியே. எடுத்து ஆட்டினால் சலசலவென்று விதை குலுங்க வேண்டும்.

விதைக்காகவும் இப்போதே காய்களைக் குறித்துவையுங்கள். வெண்டை, காராமணி, கொத்தவரையில் நோயில்லாத, நன்றாகக் காய்த்த இரண்டு செடியைத் தேர்ந்து, நடுப்பகுதியில் நாலைந்து காய்க்கு நூல் கட்டி விட்டுவிடுங்கள், அதைப் பறிக்கக் கூடாது. செடியிலேயே காய்ந்து பழுப்பான பிறகு எடுத்து, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் ஆடிப்பட்டத்துக்கு ஆகும். வயதான கத்தரிச் செடியைப் பிடுங்க வேண்டாம். ஆனி மாதம் பை மண்ணிலிருந்து ஓரடி உயரத்தில் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து, இரண்டு கைப்பிடி மண்புழு உரமும் ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் கொடுத்தால், ஆடிக் காற்றில் புதுக்கிளை விட்டு மறுபடி காய்க்கும்.